பதினேழாம் நம்பருக்குச் சிவப்பு

அக்கா, உங்க போன்ல டவர் இருக்கா? ஒரு தடவை பாத்துச் சொல்லுங்களேன். பட்டன் போனா? பரவாயில்ல, சில சமயம் பட்டன் போன்லதான் நல்லா எடுக்கும். இல்லையா. எனக்கும் இல்ல. அடிவாரத்துல செக்போஸ்ட் தாண்டினதும் போனதுதான். எங்க வரும்னீங்க, இலுப்பமரம் ஸ்டாப்பா? அது இன்னும் எவ்வளவு தூரம்? ஒரு மணி நேரமா. இப்பவே மணி மூணே முக்கால்.

அஞ்சு மணிக்குள்ள ஒரு மெசேஜ் போயாகணும்க்கா. டைப் பண்ணி, அனுப்புன்னு தட்டியும் விட்டுட்டேன். இங்க பாருங்க, ஓரத்துல சின்னதா கடிகாரம் மாதிரி ஒண்ணு நிக்குதில்ல, அப்படின்னா இன்னும் போகலேன்னு அர்த்தம். டவர் வந்ததும் அதுவா போயிடும். நான் ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல. இருந்தாலும் கை சும்மா இருக்க மாட்டேங்குது. நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்து எடுத்துப் பாக்கறேன்.

இந்த ஜன்னலைக் கொஞ்சம் தள்ளட்டுமா? நகர மாட்டேங்குதே. சரி, இருக்கட்டும். மரவள்ளி மூட்டையா கீழ வச்சிருக்கீங்க? இல்ல இல்ல, காலை நீட்டலாம், எனக்கு இடம் போதும்.

டாக்டர் இல்லக்கா நான். கழுத்துல இந்தக் கார்டு தொங்கறதால எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. எங்கம்மா வேற திண்டிவனத்துல தெரு பூரா ‘என் பையன் மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் டாக்டர்’னு சொல்லி வச்சிருக்கு. எதிர்வீட்டு மாமா அதை நம்பி, ஓடாத லேப்டாப் ஒண்ணைக் கொண்டு வந்து என் மடியில வச்சுட்டார். நான் பாக்கறது புள்ளிவிவரம். டேட்டா சயின்டிஸ்ட்டுன்னு பேரு. ஊர்ல எத்தனை பேருக்குப் பிரஷர் இருக்கு, யாருக்கு ஏறுது, யாருக்கு இறங்குதுன்னு கணக்கு வரும். அது எந்த அளவுக்கு நம்பலாம்னு நான் சொல்லணும். ஒரு ஆராய்ச்சி நிறுவனம். சேர்ந்து பதினாலு மாசம் ஆகுது. பேரு நவநீதன்.

உங்ககிட்ட சொன்னா என்ன, நீங்க யாரோ நான் யாரோ. எனக்கு மனசே ஆறலக்கா. என்னைப் போய் வீடு வீடாப் போடான்னு அனுப்பிட்டாங்க. எம்.எஸ்ஸி. படிச்சவனை. கிளாஸ்ல ரெண்டாவது வந்தவனை. எவ்வளவு சுத்தமா ஒரு வேலை செஞ்சு குடுத்தேன் தெரியுமா, அதுக்குக் கிடைச்ச மரியாதை இது.

விஷயம் என்னன்னா, எங்களுக்குக் களப்பணியாளர்னு இருபத்தி ரெண்டு பேர் இருக்காங்க. எல்லாரும் பொம்பளைங்க. ஆளுக்கு ஒரு டேப் குடுத்திருக்கோம், இந்த போன் மாதிரியே கொஞ்சம் பெருசா இருக்கும். வீட்டுக்குப் போய்ப் பிரஷர் அளக்கணும், அதுல பதியணும். பதியறப்ப மணி எத்தனை, எந்த இடத்துல நின்னு பதியறாங்கன்னு அதுவே குறிச்சுக்கும். அவங்களுக்கு அது தெரியாது. அதுதான் வசதியே. சென்னையில என் மேஜையில உக்காந்துக்கிட்டு யார் எந்த வீட்ல எத்தனை மணிக்கு இருந்தாங்கன்னு மேப்புல புள்ளி புள்ளியா நான் பாத்துடுவேன். களத்துக்கே போக வேண்டியதில்ல.

யாராவது வீட்டுக்குப் போகாம இஷ்டத்துக்கு நம்பர் போடறாங்களான்னு கண்டுபிடிக்க ஒரு புரோகிராம் எழுதினேன். யாரும் சொல்லல, நானாத்தான் எழுதினேன். அது முகம் பாக்காதுக்கா. வயசு பாக்காது, யாருக்கு வேண்டியவங்கன்னு பாக்காது. கணக்கு இடிச்சா அந்த ஆள் பேருக்குப் பக்கத்துல சிவப்பு போட்டுடும். முதல் நாள் ஓட்டினேன். இருபத்தொரு பேருக்குப் பச்சை. ஒருத்தருக்கு மட்டும் சிவப்பு. பதினேழாம் நம்பர்.

பேரா? பேர் சொல்லக் கூடாதுக்கா. ரகசியம். எங்க தொழில்ல அது ரொம்ப முக்கியம். எனக்கே பேர் சரியாத் தெரியாது, நீளமான பேரு, அந்தக் கட்டத்துக்குள்ள அடங்கல, பாதியில வெட்டிக்கிச்சு. எனக்கு அவங்க பதினேழுதான். மலையில ஆறு ஊர் பாக்கறாங்க. மத்தவங்க எல்லாம் கீழதான், சமவெளியில. அவங்க ஒருத்தருக்கும் இந்தப் பிரச்சனை இல்ல. இவங்களுக்கு மட்டும்.

என்ன பண்ணியிருக்காங்க தெரியுமா? ஒரு நாளைக்குப் பதினாலு வீடுன்னு வைங்க. பதினாலு வீடும் மலையில அங்கங்க சிதறிக் கிடக்கு. ஆனா பதினாலு புள்ளியும் ஒரே இடத்துல. ஒண்ணு மேல ஒண்ணு. சாயங்காலம் அஞ்சரையிலிருந்து ஆறேகாலுக்குள்ள பதினாலும் முடிஞ்சுடும். மறுநாளும் அதே இடம், அதே நேரம். அதுக்கு அடுத்த நாளும். மூணு மாசம். இது தற்செயலா நடக்கறதுக்கு கோடியில ஒரு வாய்ப்பு கூட இல்ல, கணக்குப் போட்டே காட்டிட்டேன். தற்செயல் இல்லேன்னா பொய். மூணாவது ஒண்ணு கிடையாது.

மீட்டிங்ல இதை எடுத்துக் காட்டினப்ப எல்லாரும் அப்படியே உக்காந்துட்டாங்க. ரெஜினா மேடம், அவங்கதான் எங்களுக்குத் தலைமை, டாக்டர், ‘நல்ல கண்ணுப்பா உனக்கு’ன்னு சொன்னாங்க. அப்பவே கட்டுரை எழுதுடான்னும் சொன்னாங்க. என் பேரு முதல் பேரு. அடுத்த வாரம் கோயமுத்தூர்ல ஒரு கருத்தரங்கு, அதுல நான்தான் பேசறேன். இதெல்லாம் இருபத்தஞ்சு வயசுல யாருக்கும் கிடைக்காதுக்கா.

என்ன இது, ஏன் நிக்குது? மாடா? மாட்டுக்கு என்ன அவசரம், அது நிதானமாத்தான் போகும். கண்டக்டர் சார், அஞ்சு மணிக்குள்ள இலுப்பமரம் போயிடுமா? தலையை ஆட்டறார், அது ஆமாவா இல்லையான்னே தெரியல.

அவங்களை வேலையை விட்டு நிறுத்தினது நான் இல்லக்கா. அதைத் தெளிவா சொல்லிடறேன். நான் கலர்தான் போட்டேன். பட்டியலைப் பாத்துட்டு மேற்பார்வை முருகபூபதி சார்தான் ஜூலையில டேப்பைப் பிடுங்கிட்டு, முடிவு வர்ற வரைக்கும் வீட்ல இருன்னுட்டார். முடிவு ஆபீஸ்ல எடுக்கணும். மூணு மாசமா அது இழுத்துக்கிட்டே கிடக்கு. நடுவுல அவங்க ஒரு லெட்டர் போட்டாங்க. நாலு பக்கம், கையால எழுதினது. டேட்டா சம்பந்தமா இருக்குன்னு கிளார்க் அதை என்கிட்ட குடுத்துட்டார். இதோ இந்தப் பையிலதான் இருக்கு. ஸ்டேப்ளர் பின் அடிச்சபடியே.

படிக்கல. படிக்கக் கூடாதுக்கா. அது எங்க முறை. யாரைச் சோதிக்கறோமோ அவங்க கதையைக் கேட்டா மனசு ஒரு பக்கமா சாஞ்சுடும். சாஞ்சா அளவு தப்பாயிடும். கண்ணைக் கட்டிக்கிட்டு அளக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. அதான், அவங்க வீட்டுப் பக்கமே போகக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருக்கேன். ரொம்பப் பேர் அந்த லெட்டரைப் பிரிச்சுப் படிச்சிருப்பாங்க. நான் கட்டுப்பாடா இருந்தேன்.

போன வாரம் மேடம் கூப்பிட்டு, ‘ஒருத்தி பொழப்பு இது, கம்ப்யூட்டரை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. நீயே மலைக்குப் போ. அவ பதிஞ்ச வீட்ல பத்து வீடு எடு. உண்மையிலேயே வந்தாளா, அளந்தாளான்னு கேளு, நீயும் அளந்து பாரு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள எனக்குச் சொல்லு, சரின்னா திரும்ப எடுத்துக்கலாம், பொய்யின்னா அன்னைக்கே ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன்’னாங்க. ஒரு வாரம் டைம் குடுத்தாங்க. எனக்குக் கோயமுத்தூர் வேலை இருந்துச்சு. படம் எல்லாம் வரையணும், பேசிப் பழகணும். நேத்து ராத்திரிதான் கள்ளக்குறிச்சி வந்தேன். காலை பஸ்ஸை விட்டுட்டேன். அடுத்த பஸ் இதுதான்.

மெசேஜ்ல என்ன இருக்கா? ‘பத்து வீடும் சரிபார்த்தாச்சு மேடம். பொருந்தல. நிறுத்திடலாம்.’ அவ்வளவுதான்.

அப்படிப் பாக்காதீங்கக்கா. வீட்டுக்குப் போகாமலா விடப் போறேன். போகத்தான் போறேன். பஸ் மேல ஊருக்குப் போய்ச் சேரவே அஞ்சரை ஆயிடும், டவரும் இல்ல, நான் என்ன பண்றது? பாத்துட்டுச் சொல்றதும் சொல்லிட்டுப் பாக்கறதும், முன்னே பின்னே, அவ்வளவுதானே. முடிவுதான் எனக்குத் தெரியுமே. கோடியில ஒண்ணுக்கா.

தண்ணி இருக்கா? தேங்க்ஸ்க்கா. பேசிப் பேசித் தொண்டை காஞ்சு போச்சு. நீங்க நல்லாப் பொறுமையாக் கேக்கறீங்க.

கட்டுரையில என்னவா? சொல்றேன், உங்க ஊரைப் பத்தித்தான், கேட்டா சந்தோஷப்படுவீங்க. மலையில இருக்கறவங்களுக்குப் பிரஷரே கம்மின்னு கண்டுபிடிச்சிருக்கேன். கீழ இருக்கறவங்கள்ல பாதிதான். நடக்கறீங்க, சாமை சாப்பிடறீங்க, நல்ல காத்து. பதினேழு போட்டதையெல்லாம் பொய்யின்னு கணக்குல இருந்து எடுத்துட்டேன்ல, மிச்சம் பள்ளிக்கூடத்துல வச்ச கேம்ப் கணக்கு ஒண்ணு இருந்துச்சு. நூத்திப்பத்து பேர். எல்லாம் இளவட்டம், பாதிப் பேர் வாலிபால் ஆட வந்தவங்க. அருமையான நம்பருங்க.

என்னது அது? பிரஷர் கார்டா? குடுங்க. மடிச்சு மடிச்சுக் கிழியற மாதிரி இருக்கே. இது உங்களோடதா? நூத்தி எழுபதுக்கு நூத்திப்பத்து. நிஜமாவா? அடுத்த மாசம் நூத்தி அம்பத்தாறு. அப்புறம் நூத்தி நாப்பத்தி ரெண்டு. நல்லா இறங்கியிருக்கே. மாத்திரை சாப்பிட்டீங்களா? சரி. ஜூலைக்கு அப்புறம் ஒண்ணுமே எழுதலையே. மாத்திரையை நிறுத்திட்டீங்களா? அது தப்புக்கா, நிறுத்தவே கூடாது. யார் நிறுத்தச் சொன்னது?

கொண்டாந்து குடுக்கறவங்க வரலையா. கீழ போய் வாங்கினா ஒரு நாள் போயிடும், ஆமா, அதுவும் சரிதான். காலையில எந்திரிச்சா தலை சுத்துதா. எத்தனை நாளா?

இருங்க, ஒரு நிமிஷம். லேப்டாப்ல எல்லாம் இருக்கு, இதுக்கு டவர் வேணாம். மே மாசம் பன்னெண்டு. நூத்தி எழுபது, நூத்திப்பத்து. இருக்குக்கா. அப்படியே இருக்கு. பதினேழு போட்டதுதான். ஆனா பாருங்க, உங்க கார்டுல காலை ஏழு பத்துன்னு எழுதியிருக்கு. டேப்புல சாயங்காலம் அஞ்சு அம்பத்தி ரெண்டு. பத்தரை மணி நேரத்துக்கு மேல வித்தியாசம். இது ஒண்ணு போதும்க்கா. கையும் களவுமா மாட்டிக்கிட்டாங்க.

மங்கை காலையிலதான் வந்துச்சா? நீங்க அடுப்பு பத்த வைக்கறதுக்கு முன்னாடியா? நீங்களே பாத்தீங்களா? இருங்க, மங்கைன்னு நான் சொல்லவே இல்லையே. ஓ. மலைக்கு மொத்தமே ஒரு ஆள்தானா வர்றது. முழுப் பேரு மங்கையர்க்கரசியா. அதான் கட்டத்துல ‘மங்கையர்’னு நின்னுடுச்சு. நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.

சரி, அப்ப காலையில ஏழு மணிக்கு வந்து அளந்தவங்க அப்பவே பதியறதுக்கு என்ன கேடு? டேப் கையிலதானே இருக்கு? நோட்டுல எழுதிட்டுப் போவாங்களா. நோட்டு எதுக்கு, நாங்கதான் அவ்வளவு நல்ல டேப் குடுத்தோமே. எங்க வந்தாத்தான் திறக்கும்னு சொன்னீங்க? சத்தத்துல கேக்கல, திரும்பச் சொல்லுங்க.

வந்துடுச்சா? இதுதானா இலுப்பமரம்? மரத்தடியில ஒரு டீக்கடை, ஒரு பெஞ்சு. வேற ஒண்ணுமே இல்லையே. கீழ இறங்கற பஸ் வர்ற வரைக்கும் இங்க நிக்குமா? நல்லதாப் போச்சு.

கேக்குதாக்கா? எல்லார் போனும் ஒரே நேரத்துல அடிக்குது. முன் சீட்டு, பின் சீட்டு, டிரைவரோடது. எனக்கும்தான். ஒண்ணு, ரெண்டு, அஞ்சு. எங்கம்மா மதியம் ரெண்டு மணிக்குச் சாப்டியான்னு கேட்டது இப்ப வருது. பேங்க்காரன் மெசேஜ். முருகபூபதி சார் மூணு மெசேஜ். எல்லாம் இப்பதான் வருது. நாலு நாப்பத்தி மூணு. எல்லாமே நாலு நாப்பத்தி மூணுக்குத்தான் வந்த மாதிரி காட்டுது.

அக்கா.

மேப்பைத் திறந்து பாக்கறேன் இருங்க. நீலமா ஒரு புள்ளி தெரியுதில்ல, அது நான். நான் இப்ப உக்காந்திருக்கற இடம். அதுக்கு அடியில செவசெவன்னு இருக்கறது அவங்களோடது. மூணு மாசத்துப் புள்ளி. நான் அதுங்க மேலதான் உக்காந்திருக்கேன்.

ஆறு ஊரையும் நடந்து முடிச்சுட்டு, சாயங்காலம் நோட்டை எடுத்துக்கிட்டு இந்தப் பெஞ்சுக்கு வருமா? தினமுமா? மழையிலயுமா? அப்புறம் இருட்டுல வீட்டுக்கு நடக்குமா?

எனக்கு யாரும் சொல்லலக்கா. சத்தியமாத் தெரியாது. இந்த ஆப்பை வேற ஒரு கம்பெனி பண்ணுச்சு, டவர் இல்லேன்னா திறக்காதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் கலர்தான். கலர்தானே போட்டேன்.

மெசேஜ். ஐயோ, அந்த மெசேஜ். போயிடுச்சு. கடிகாரத்தைக் காணோம். அழிச்சிடலாமான்னு பாத்தா ரெண்டு டிக்கும் நீலமாயிடுச்சுக்கா, மேடம் படிச்சுட்டாங்க. ‘சரி, கையெழுத்துப் போட்டுடறேன்’னு பதிலே வந்துடுச்சு. பத்து வீடு சரிபார்த்தாச்சுன்னு நான் அனுப்பியிருக்கேன். ஒரே நிமிஷத்துல, இந்த இடத்துல இருந்து, ஒரு வீட்டு வாசல்லயும் கால் வைக்காம. அவங்க கூட பதினாலு வீட்டுக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கிட்டாங்க.

என்ன சொல்றதுன்னு தெரியலக்கா. தாமதமா வந்து சேர்ந்த தகவலால ஏற்பட்ட பிழைன்னு எழுதலாம். அப்படி எழுதினா யார் மேலயும் வராது. கட்டுரையில ஒரு அடிக்குறிப்பு போட்டுடலாம். ஆனா உங்க நூத்தி எழுபதை எடுத்தா கட்டுரையே நிக்காது. சேர்த்தாத்தானே நிக்காது, நான் என்ன உளறறேன். கோயமுத்தூர்ல எல்லாரும் உக்காந்திருப்பாங்க, நான் எழுந்து நின்னு மலையில இருக்கறவங்களுக்குப் பிரஷர் கம்மின்னு சொல்லணும்.

பஸ் கிளம்பினா டவர் போயிடும், இல்ல? எவ்வளவு நேரம் நிக்கும்? ஹார்ன் அடிக்கறானே. அந்த பஸ் வந்துடுச்சா? இறங்கறேன்க்கா. என் பையை எடுத்துக் குடுங்க. நீங்களும் இறங்கறீங்களா, உங்க ஊர் இன்னும் மேலதானே? நடந்துக்குவீங்களா? மூட்டையைக் குடுங்க, நான் பிடிக்கறேன்.

ரிங் போகுது.

ஹலோ மேடம், நவநீதன் பேசறேன். மேடம், கையெழுத்துப் போட்டுட்டீங்களா? போடாதீங்க மேடம். இல்ல மேடம், அந்த மெசேஜ் பொய். நான் ஒரு வீட்டுக்கும் போகல. பஸ்லயே எழுதினது. ஆமா மேடம். ஆமா, நான்தான். பதினேழு, இல்ல மேடம், மங்கையர்க்கரசி, அவங்க போட்டது சரி. டவர் இங்க மட்டும்தான் இருக்கு. லெட்டர்ல எழுதியிருக்கும்னு நினைக்கறேன். படிக்கல மேடம். என்கிட்டதான் இருக்கு. ஆகஸ்ட்ல இருந்து.

சரி மேடம். சரி.

வச்சுட்டாங்க. ஆர்டரைக் கிழிச்சுட்டாங்களாம். திங்கக்கிழமை அவங்களை டேப்போட வேலைக்கு வரச் சொல்லணுமாம், அதை நானே நேர்ல போய்ச் சொல்லணுமாம். கோயமுத்தூருக்கு நான் போக வேண்டாமாம். திங்கக்கிழமை லெட்டரோட வந்து என்னைப் பாருன்னாங்க. திட்டல. திட்டியிருந்தா தேவலை. குரலே மாறிப் போச்சு.

மங்கையர்க்கரசி வீடு உங்க ஊர்லதானா? என் பத்து வீட்டுப் பட்டியல்ல அது இல்ல. நீங்க முன்னாடி போய் ஒரு வார்த்தை சொல்லி வைக்கறீங்களா, சென்னையில இருந்து ஒரு தம்பி வந்திருக்கான், நல்ல தம்பின்னு? மாட்டீங்களா. சரி. நியாயம்தான். நானே சொல்லிக்கறேன்.

நடக்கறதுக்கு முன்னாடி இந்த பெஞ்சுல உக்காருங்கக்கா. மெஷின் கொண்டு வந்திருக்கேன். காலையில தலை சுத்துதுன்னீங்க, அதை நான் பாதியிலயே விட்டுட்டேன். கையை நீட்டுங்க. இந்தப் பட்டையைச் சுத்திக்கறேன். பட்டனைத் தட்டினா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

ஏன் கையை இழுத்துக்கறீங்க? உடனே அளக்கக் கூடாதா? ஆமா, புத்தகத்துல அப்படித்தான் இருக்கு, அஞ்சு நிமிஷம் அமைதியா உக்கார வச்சு அப்புறம்தான் அளக்கணும்னு. களத்துல யாரும் அதைப் பண்ண மாட்டாங்கன்னு நாங்க ஆபீஸ்ல சிரிப்போம். மங்கை பண்ணுமா? ஒவ்வொரு வீட்லயுமா? பதினாலு வீட்லயும், தானும் பக்கத்துல பேசாம உக்காந்திருந்துட்டு அப்புறம்தான் அளக்குமா? அந்த அஞ்சு நிமிஷம் எங்கயும் பதிவாகலையேக்கா. என்கிட்ட எந்தக் கட்டத்துலயும் அது இல்ல.

அளக்கறவங்களும் பேசக் கூடாதா.

சரிக்கா. பேசல.